கருவேலம் புதருக்குப் பின்னால் ஓர் ஆப்பிரிக்கா

நமீபியாவின் எத்தோஷா காடு 1907இலேயே காப்பகமாக அறிவிக்கப்பட்டது. அங்கே ஒகாகுவேயோ முகாமை ஒட்டி ஒரு நீர்க்குட்டை உண்டு. தடுப்புச் சுவருக்குப் பின்னால் சத்தம் காட்டாமல் உட்கார்ந்துவிட்டால் போதும். இரவு விளக்கொளியில் யானையும் காண்டாமிருகமும் தாமாகவே நீர் குடிக்க வரும். விலங்கைத் துரத்தாமல், அது வந்தே தீரவேண்டிய தண்ணீருக்குப் பக்கத்தில் மறைந்திருப்பதுதான் வித்தை. அந்த வித்தை ஆவடியை ஒட்டிய எங்கள் கோவில்பதாகை ஏரியில் எவ்வளவு அற்புதமாகப் பலிக்கிறது தெரியுமா!

கார்த்திகை, மார்கழியில் விடிவதற்குள் கரைக்குப் போய்விட வேண்டும். மங்கலான நிறத்தில் சட்டை, முதுகுப்பக்கம் சூரியன், முன்னால் ஒரு சீமைக்கருவேலம் புதர். நாம் போனதும் பறவைகள் விலகத்தான் செய்யும். ஆனால் அவை அஞ்சுவது நம் உருவத்துக்கும் அசைவுக்கும். இரண்டும் புதரில் கரைந்துபோனால் முதலில் முக்குளிப்பான் எட்டிப் பார்க்கும், பிறகு பவளக்கால் உள்ளான்கள் சேற்றில் இறங்கும், அப்புறம் ஏரியே திரும்பி வந்துவிடும்.

என் உயிர் கருப்பு வெள்ளை மீன்கொத்திதான். தண்ணீருக்கு மேலே சிறகடித்தபடி ஒரே இடத்தில் அந்தரத்தில் நிற்கும்; சட்டென்று தலைகீழாகப் பாயும். சின்ன மீனென்றால் கிளைக்குத் திரும்பாமல் பறந்தபடியே விழுங்கிவிடும், அதனால் கரையை விட்டு நடு ஏரிக்கே போய் வேட்டையாடும். இதே இனம்தான் ஆப்பிரிக்க ஆறுகளிலும் மீன் பிடிக்கிறது. பவளக்கால் உள்ளானும் சாம்பல் நாரையும் அங்கும் உண்டு.

சிங்கம் இல்லையே என்பார்கள். சேற்றுப் பூனைப்பருந்து வரும்போது பாருங்கள்! குளிர்காலத்தில் வடக்கேயிருந்து வரும் வலசைப் பறவை அது. அதன் சொந்தங்களில் ஒரு பகுதி ஆப்பிரிக்காவுக்கும் போகிறது. கோரைக்கு மேல் தாழ்வாக, இறக்கையை ஆங்கில வி எழுத்துபோல் தூக்கி மிதந்து வரும். சிதறி மேய்ந்துகொண்டிருந்த நாமக்கோழிகள் அத்தனையும் ஒரே கருந்திட்டாக நெருங்கி, தண்ணீரைச் சிதறடித்துக்கொண்டு ஓடும். ஒற்றைப் பறவையைக் குறிவைக்க முடியாதபடி கூட்டத்தையே அரணாக்கும் தந்திரம். பருந்து திரும்பத் திரும்ப வட்டமடிக்கும். மூச்சுவிட மறந்து பார்த்துக்கொண்டிருப்பேன். காட்டெருமைக் கூட்டம் சிங்கத்துக்கு முன் செய்வதும் இதைத்தானே! இதைவிடப் பெரிய நாடகம் வேறு எங்கு நடக்கிறதென்று எனக்குத் தெரியவில்லை.

வேடந்தாங்கலில் பறவை பார்க்கக் கோபுரம் உண்டு, கூட்டமும் உண்டு. இங்கே மறைவிடம் நாமே பார்த்துக்கொள்வதுதான், அந்தத் தனிமைக்கே நான் அடிமை.

2015 முதல் ஆண்டுதோறும் பொங்கல் விடுமுறையில் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. உங்கள் ஊர் ஏரியில் குறைந்தது 15 நிமிடம் பார்த்து, கண்ட பறவைகளை இபேர்ட் தளத்தில் பதிவு செய்தால் நீங்களும் அதில் சேர்ந்துவிடலாம். வரும் பொங்கலுக்குப் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். பளிச்சென்ற புதுச்சட்டையை மட்டும் வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.