விருப்பத்தை அளக்கும் முன்

ஆன்லைன் வீட்டுப்பாடத்தை மாணவர்கள் விரும்புகிறார்களா என்று ஆராய்பவர்கள் பலரும் ஃபிரெட் டேவிஸ் 1989இல் வகுத்த கருத்தைக் கைக்கொள்கிறார்கள்: பயன் உண்டு, எளிது என்று தோன்றினால் ஒருவர் ஒரு தொழில்நுட்பத்தை ஏற்பார். வேலையிடத்துக் கணினியை மனதில் வைத்துப் பிறந்த அளவுகோல் அது. அங்கே கருவி மேசைமேல் காத்திருக்கும். கொல்லிமலையில் ‘நாடு’ எனப்படும் 14 ஊர்த்தொகுதிகளில் ஒன்றான தேவனூர் நாட்டில் அதைக் கொண்டு அளந்தால் கிடைப்பது பிள்ளையின் விருப்பம்தானா?

கொரோனாவால் 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டன. கல்வித் தொலைக்காட்சியில் பாடம் ஓடியது. தமிழகத்தில் பலருக்கு வீட்டுப்பாடம் வாட்ஸ்அப்பில் வந்தது. வந்த விதத்தைக் கவனிக்க வேண்டும். ஆசிரியர் கேள்விகளைப் படமெடுத்து அனுப்புவார். பிள்ளை நோட்டில் எழுதி, பக்கத்தைப் படமெடுத்துத் திருப்பி அனுப்பும். மங்கிய வெளிச்சத்தில் பென்சில் எழுத்து தெரியாது. மறுபடி எடுத்து அனுப்பச் சொல்வார்கள். அதற்குள் போன் அப்பாவோடு வேலைக்குப் போயிருக்கும். சிக்னலோ மேட்டில் கிடைக்கும், பள்ளத்தில் போய்விடும். இந்தியக் கிராமங்களில் வீட்டில் ஸ்மார்ட்போன் உள்ள பிள்ளைகளிலேயே 26 சதவீதம் பேருக்கு அது கைக்குக் கிடைக்கவில்லை என்றது 2021ஆம் ஆண்டின் அசர் கல்வி நிலை அறிக்கை.

ஆன்லைன் வீட்டுப்பாடத்துக்கு உண்மையான பலம் ஒன்று உண்டு. கணக்குப் போட்டதும் சரியா தப்பா என்று தெரிந்துவிடும். தப்பென்றால் வெட்கப்படாமல் திரும்பப் போட்டுப் பார்க்கலாம். வீட்டில் சொல்லித்தர ஆளில்லாத முதல் தலைமுறை மாணவிக்கு இது பெரிய துணை. ஆனால் வாட்ஸ்அப் படத்தில் அந்தப் பலம் துளியும் இல்லை. அதை அனுப்பாமல் விட்ட பிள்ளையைப் பார்த்து, மலைப்பிள்ளைக்கு ஆர்வமில்லை என்று சொல்வது அநியாயம். பார்த்து எழுதிவிடுவார்கள் என்ற குறையும் சொல்லப்படுகிறது. அது காகித நோட்டுக்கும் உண்டு.

2021 அக்டோபரில் தமிழக அரசு ‘இல்லம் தேடிக் கல்வி’ திட்டத்தைத் தொடங்கி, மாலை நேரத்தில் தன்னார்வலர்களைப் பிள்ளைகளின் பக்கத்தில் உட்கார வைத்தது. திரை மட்டும் போதாது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம்.

என் முடிவு இது. போன் எத்தனை மணிக்கு, யார் கையில் இருக்கிறது என்று கேட்காத ஆய்வு தேவனூர் நாட்டுக்குச் செல்லாது. மதிப்பெண்ணோடு கட்டிய ஆன்லைன் வீட்டுப்பாடமும் அங்கே கூடாது. ஆனால் அதை ஒரேயடியாக ஒதுக்கவும் கூடாது. பள்ளியின் ஹைடெக் லேபிலோ விடுதியிலோ, பாடம் முடிந்த மாலை வேளையில், நெட் இல்லாமலும் ஓடும்படி பயிற்சிகளை இறக்கி வைத்து, பக்கத்தில் ஓர் ஆசிரியரையும் இருத்தி ஒரு கல்வியாண்டு நடத்தட்டும். அதன்பின் பிள்ளைகளிடம் பிடித்திருக்கிறதா என்று கேட்கட்டும். அப்போதும் வேண்டாம் என்றால், அந்தப் பதிலை நான் அப்படியே ஏற்பேன்.