கொரிய எண்ணெயும் வறண்ட சருமமும்

முகத்தில் எண்ணெய் வழிந்தால் அதைக் கழுவிப் போக்கவேண்டும் என்றே எண்ணிப் பழகியவர்களுக்கு, எண்ணெயைக் கொண்டே முகத்தைக் கழுவலாம் என்னும் யோசனை முதலில் சற்று விபரீதமாகத்தான் தோன்றும். ஆயினும் தென்கொரியாவின் தலைநகராகிய சியோலில் மியோங்டாங் கடைத்தெருவின் அழகுசாதனக் கடைகளுக்குள் நுழைந்தால், 'கிளென்சிங் ஆயில்' என்னும் நாமதேயத்தோடு அந்த எண்ணெய்ப் புட்டிகள் வரிசை வரிசையாக நிற்பதைக் காணலாம். இரவில் முதலில் எண்ணெயாலும் பிறகு நுரைக்கும் திரவத்தாலும் முகத்தை இருமுறை கழுவுவது அங்கே பலருக்கு நித்திய கர்மங்களுள் ஒன்றாகவே ஆகிவிட்டது. கொரிய நாடகங்களும் பாடல்களும் சென்ற இடமெல்லாம் இவ்வழக்கமும் கூடவே சென்றிருப்பதால், வறண்ட சருமத்துக்கு இது சஞ்சீவி என்னும் பிரசித்தி எவ்வளவு தூரம் நியாயமானது என்று ஆராய்ந்து பார்ப்பது வீண் வேலையாகாது.

இவ்வகைப் புட்டி எண்ணெய்க்கு வழிகாட்டியாக நின்றவர் கொரியர் அல்லர். ஜப்பானிய ஒப்பனைக் கலைஞராகிய ஷூ உவெமுரா 1967-இல் வெளியிட்ட எண்ணெயே அதற்கு முன்னோடி. கொரியாவிலும் எண்ணெய்க்குப் பழைய மதிப்பு உண்டு என்பது உண்மைதான். 1930-களில் கேசோங் நகரில் காமெலியா விதையை ஆட்டி எண்ணெய் விற்ற யுன் தோக்-ஜோங் என்னும் அம்மையாரின் குமாரர் நிறுவியதே இன்றைய அமோரேபசிஃபிக் நிறுவனம். ஆனால் அந்த எண்ணெய் கூந்தலுக்கானது. முகம் கழுவுவதற்கு அக்காலத்துக் கொரியப் பெண்கள் பாசிப்பயற்றையும் ஒருவகைச் சிவப்புப் பயற்றையும் அரைத்த மாவையே கையாண்டனர். நம் வீட்டுப் பயத்தமாவை அறிந்தவர்கள் இதைக் கேட்டு வியக்கமாட்டார்கள். ஆகையால் விளம்பரங்கள் பேசும் புராதனப் பெருமையில் ஒரு பகுதியைத் தள்ளுபடி செய்துவிட்டே விஷயத்துக்கு வரவேண்டும்.

சருமத்தின் மேலடுக்கில் உயிரற்ற செல்கள் நெருங்கி அடுக்கியிருக்க, அவற்றின் இடுக்குகளில் செராமைடு, கொலஸ்ட்ரால், கொழுப்பமிலங்கள் ஆகியவை நிரம்பி, உள்ளிருக்கும் நீர் ஆவியாகிப் போகாதபடி காக்கின்றன. இந்தக் காப்பு நலிந்த சருமமே வறண்ட சருமம். சருமத்தின் பிஎச் அளவு ஏறக்குறைய 5 என்றால் சாதாரணச் சோப்பினுடையது 9 முதல் 10 வரை இருக்கும். அது அழுக்கைப் பிரித்தெடுக்கும் வேகத்தில், போகக்கூடாத கொழுப்பையும் சேர்த்தே வாரிக்கொண்டு போவதால், கழுவி முடித்ததும் முகம் இழுத்துப் பிடித்தாற்போல் விறைக்கிறது. குளிர்காலத்தில் பனிக்காற்று ஒருபுறமும், ஓண்டோல் என்னும் தரைச் சூடேற்றத்தால் உலர்ந்த அறைக்காற்று மறுபுறமுமாக வருத்தும் சியோல்வாசிகளுக்கு இந்த விறைப்பு நன்றாகவே தெரிந்த உபத்திரவம்.

எண்ணெயோ தன் இனத்தைத் தானே கரைக்கிறது. நீருக்கு மசியாத சன்ஸ்கிரீனும், கண்மையும், முகப்பூச்சும் அதில் தாமாகவே இளகிவிடுகின்றன. ஆனால் வெறும் தேங்காயெண்ணெயும் இதைத்தான் செய்யும் என்று சொல்லுவார்க்கு, கரைத்ததை அகற்றுவது எப்படி என்னும் கேள்வி மிஞ்சுகிறது. துணியால் தேய்த்துத் துடைத்தாலோ சோப்பிட்டாலோ வறண்ட சருமத்துக்குப் பழைய துன்பமே திரும்பும். கொரியப் புட்டியின் சாமர்த்தியம் அதில் கலந்துள்ள பால்மமாக்கியில் இருக்கிறது. உலர்ந்த கையில் எடுத்து உலர்ந்த முகத்தில் ஒரு நிமிஷம் மெல்லத் தடவியபின், விரல்களை வெதுவெதுப்பான நீரில் நனைத்து மீண்டும் தடவினால், அதுவரை தெளிவாக இருந்த எண்ணெய் சட்டென்று பால்போல் வெளுத்து, கரைந்த அழுக்கோடு நீரில் இறங்கிவிடுகிறது. இந்த வெண்மை தோன்றுமுன் அவசரப்பட்டுக் குழாயடியில் முகத்தைக் காட்டுகிறவர்கள், பிசுபிசுப்பு நிற்கிறது என்று எண்ணெயின்மேல் பழி போடுவது அநியாயம்.

ஆனால் இந்த எண்ணெய் சருமத்துக்குப் போஷாக்குத் தருகிறது என்று சொல்லும்போதுதான் எனக்கு ஆட்சேபம். ஒரு நிமிஷம் முகத்தில் இருந்துவிட்டுச் சாக்கடைக்குப் போகும் வஸ்து எதை ஊட்டிவிட முடியும்? புட்டியின்மேல் பச்சைத் தேயிலைச் சித்திரம் அழகாக இருக்கலாம். ஆனால் அத்தேயிலையின் சத்துகளுள் பெரும்பாலானவை நீரில் கரைபவை, உள்ளே இருப்பதோ எண்ணெய். இது கொடுப்பதால் அன்று, சோப்பைக் காட்டிலும் குறைவாக எடுப்பதால்தான் சிலாக்கியமானது. எண்ணெயே சருமத்துக்குக் கேடு என்னும் எதிர்த்தரப்பாரும் சில சமயம் இவ்வாறே மிகைப்படுத்துகின்றனர். ஷெஃபீல்ட் பல்கலைக்கழகத்தார் 2013-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், ஆலிவ் எண்ணெயைச் சருமத்தில் தொடர்ந்து பூசி வந்தவர்களுக்கு மேலடுக்கின் உறுதி குறைந்ததும், சூரியகாந்தி எண்ணெயால் அவ்விதம் நேராததும் கண்டறியப்பட்டன. அது பூசி விட்டுவைத்த எண்ணெயைப் பற்றியது, கழுவிவிடும் எண்ணெயைப் பற்றியதன்று. எனினும் எந்த எண்ணெயானாலும் ஒன்றே என்னும் அசட்டையை அது அகற்றுகிறது.

மெய்யான பிரதிகூலங்கள் வேறு. வாசனைக்காகச் சேர்க்கும் நறுமண எண்ணெய்கள் ஏற்கெனவே நலிந்த சருமத்தில் எரிச்சலை மூட்டக்கூடும். ஆகையால் வாசனையற்ற புட்டியைத் தேடி வாங்குவதே புத்தி. வெடிப்பும் அரிப்பும் கண்ட முகத்துக்கு வேண்டியது மருத்துவரின் பார்வை. எல்லாவற்றிலும் பெரிய குறை, கடைக்காரர் கூடவே கட்டிக்கொடுக்கும் இரண்டாவது புட்டியாகிய நுரைத் திரவந்தான். கனத்த ஒப்பனை செய்பவர்க்கும் எண்ணெய்ப்பசை மிகுந்த சருமத்தார்க்கும் அது பயன்படலாம். வறண்ட சருமத்தார் எண்ணெயால் மிச்சப்படுத்தியதை அந்த நுரையில் தொலைத்துவிட்டு, அந்த நஷ்டத்தை ஈடுசெய்ய மூன்றாவதாக ஒரு கிரீமை நாடிப் போகிறார்கள். பால்மம் முழுதும் நீங்கும்வரை நீர்விட்டு அலசினால், அவர்களுள் பலருக்கு இரண்டாம் கழுவலே தேவைப்படாது. சன்ஸ்கிரீனோ ஒப்பனையோ இல்லாத நாளில் முதல் கழுவலுக்கும் அவசியமில்லை. வெதுவெதுப்பான நீரில் கழுவி, ஈரம் உலருமுன் தரமான ஈரப்பதக் கிரீமைப் பூசிக்கொண்டால், அந்த ஓரிரவுக்கு எண்ணெய்ப் புட்டி அலமாரியிலேயே இருந்துவிட்டுப் போகட்டும்.