பேய்க்கு எதற்கு ஃப்ளாஷ்பேக்?

தமிழில் ‘ஏ’ சான்றிதழோடு வந்த முதல் படம் ‘மர்மயோகி’. 1951இல் ஜூபிடர் பிக்சர்ஸுக்காக கே. ராம்நாத் இயக்கியது. எம்.ஜி.ஆர். வாள் வீசியதற்காக அல்ல, பேய் ஒன்று நடமாடியதற்காக அந்த முத்திரை. கடைசியில் பார்த்தால், செத்துவிட்டதாக எல்லோரும் நினைத்த ராஜாதான் அந்தப் பேய். தணிக்கைக்காரர்களையே மிரட்டிய ஆவி க்ளைமாக்ஸில் ஆளாக வந்து நின்று கணக்கு ஒப்பித்துவிடுகிறது. நம் பேய்ப் படத்தின் ஜாதகம் அன்றைக்கே எழுதியாகிவிட்டது. பயமுறுத்தினால் மட்டும் போதாது, ஏன் பயமுறுத்தினோம் என்று சொல்லியாக வேண்டும். கையில் காசில்லாமல் பேயை நம்பி முதல் படம் எடுக்க வருகிறவர் பெரும்பாலும் இடறி விழுவது இந்த இடத்தில்தான்.

சிக்கனமாகப் படமெடுப்பது சேலத்துக்காரர்களுக்குப் புதிதல்ல. லீட்ஸில் ஜவுளித் தொழில் படித்துவிட்டு வந்த திருச்செங்கோடு ராமலிங்கம் சுந்தரம் ஏற்காடு அடிவாரத்தில் நிறுவிய மாடர்ன் தியேட்டர்ஸ், 1937இல் ‘சதி அகல்யா’வில் தொடங்கியது. ‘திகம்பர சாமியார்’ (1950) படத்தில் எம்.என். நம்பியாருக்கு விதவிதமாக வேடம் கட்டியே அங்கே மர்மத்தை ஓட்டிவிட்டார்கள். தளம், கேமரா, சம்பளத்துக்கு நடிகர்கள் என்று எல்லாம் ஒரே காம்பவுண்டுக்குள் இருந்ததால் கட்டுப்படியானது. இன்று அங்கே மிஞ்சியிருப்பது முகப்பு வளைவு மட்டும்.

இப்போது முதல் படம் எடுக்கிறவருக்குத் தளம் கிடையாது. பாழடைந்த வீடு ஒன்றை வாடகைக்குப் பிடிக்கிறார். ஒரு வீடு, ஓர் இரவு, நாலு நடிகர்கள். 1972இல் ‘தோ கஸ் ஸமீன் கே நீச்சே’ எடுத்த ராம்சே சகோதரர்களும், 1981இல் ‘ஈவில் டெட்’ வெளியிட்ட சாம் ரெய்மியும் பிடித்தது இதே வழியைத்தான். பேய்ப் படங்கள் பூட்டிய வீட்டுக்குள் நடப்பதற்குப் பாதிக் காரணம் கலை, மீதி லொகேஷன் வாடகை.

இந்த வகையில் தமிழில் வந்தவற்றில் நின்று பார்க்க வேண்டிய படம் ‘பீட்சா’. 2012 அக்டோபரில் வெளிவந்தது. கலைஞர் தொலைக்காட்சியின் ‘நாளைய இயக்குநர்’ போட்டியில் குறும்படம் எடுத்துப் பழகிய கார்த்திக் சுப்புராஜுக்கு முதல் படம், சி.வி. குமார் தயாரிப்பு. பட்ஜெட் சுமார் 1.5 கோடி என்று சொல்லப்பட்டது. பீட்சா டெலிவரி செய்யும் மைக்கேல் (விஜய் சேதுபதி) ஒரு பங்களாவுக்குள் போய்ச் சில்லறைக்காகக் காத்திருக்கும்போது கரண்ட் போகிறது. அதற்கப்புறம் வெகுநேரம் திரையில் ஒரு டார்ச், ஒரு மனிதன், கதவு, மாடிப்படி. அவ்வளவுதான். கோபி அமர்நாத்தின் கேமரா டார்ச் படும் இடத்தைக் காட்டுகிறது, படாத இடத்தைப் பார்ப்பவரின் கற்பனைக்கே விட்டுவிடுகிறது. வேர்த்து விறுவிறுத்து, நம்மூர்ப் பையன் எப்படிப் பதறுவானோ அப்படியே பதறுகிறார் சேதுபதி. வறுமை இங்கே வசதியாக மாறியிருக்கிறது. பணம் இருந்திருந்தால் அந்த இருட்டில் ஒரு கிராஃபிக்ஸ் உருவத்தைக் கொண்டுவந்து நிறுத்தியிருப்பார்கள்.

குறைகளும் கண்ணுக்கு முன்னாலேயே இருக்கின்றன. முதல் அரைமணி இழுவை. முதலாளி வீட்டுப் பெண்ணுக்குப் பேய் பிடிக்கும் கிளைக்கதை கடன் வாங்கிய சரக்கு. பங்களாவில் நாம் பார்த்த அத்தனையும், முதலாளியின் வைரத்தை அமுக்கிக்கொள்ள மைக்கேலும் அனுவும் (ரம்யா நம்பீசன்) சேர்ந்து கட்டிய கதை என்று தெரியவரும் பகுதியோ, ரயிலுக்கு நேரமாகிவிட்டதுபோல ஓடுகிறது. பொய்யை ஃப்ளாஷ்பேக்காகக் காட்டலாமா என்ற வழக்கு பழையது. ‘ஸ்டேஜ் ஃப்ரைட்’ (1950) படத்தில் ஹிட்ச்காக் அப்படிச் செய்து திட்டு வாங்கினார். ஆனால் கார்த்திக் சுப்புராஜ் செய்தது மோசடி இல்லை என்பது என் கட்சி. இரண்டாம் முறை பார்த்தால் அந்த பங்களாக் காட்சி முழுக்க, முதலாளியை நம்பவைக்க ஒருவன் மூச்சுவாங்கச் சொல்லும் கதையாகவே தெரிகிறது. சேதுபதியின் மிகைகூட அந்தப் பொய்க்காரனின் மிகைதான். முடிவில் இன்னொரு வீட்டுக்கு டெலிவரிக்குப் போகிறான். அவன் இட்டுக்கட்டிய பெயரிலேயே அங்கே ஒரு சிறுமி இருக்கிறாள். இதற்கு மட்டும் படம் விளக்கம் தருவதில்லை, அதனாலேயே அது நிற்கிறது. கன்னடத்திலும் வங்காளத்திலும் இந்தியிலும் இதை மறுபடி எடுத்தார்கள்.

இதற்கு மூன்று வருடம் முன்பு வந்த அறிவழகனின் ‘ஈரம்’ (2009) முதல் படம்தான், ஆனால் ஷங்கரின் தயாரிப்பு. காசுக் கஷ்டம் அவ்வளவாகத் தெரியாது. தண்ணீரையே பேயாக்கியது அதன் அழகு. மனோஜ் பரமஹம்சாவின் ஒளிப்பதிவில் பக்கெட்டும் குடையும்கூடப் பகையாகத் தெரியும். பின்பாதியில் அந்தத் தண்ணீர் பழிவாங்கும் பெண்ணாகிவிட, வழக்கமான குடும்பக் கதைக்குள் போய் அடங்கிவிடுகிறது. 2015இல் வந்த அஜய் ஞானமுத்துவின் ‘டிமான்ட்டி காலனி’ நாலு நண்பர்களை ஓர் அறைக்குள் பூட்டிவிட்டு அசத்தியது. அறையை விட்டு வெளியேறிப் போர்த்துகீசியரின் பழங்கதைக்குப் போகும்போதுதான் நாடகமேடை வாடை. அதே ஆண்டில் அஸ்வின் சரவணனின் ‘மாயா’ கருப்பு வெள்ளையையும் வண்ணத்தையும் பின்னி, நயன்தாராவைத் தனியே தியேட்டரில் உட்காரவைத்துப் பேய்ப் படம் பார்க்கவைத்தது. நான்கில் துணிச்சல் அதிகம் அதற்குத்தான், முடிச்சும் அதிகம்.

நான்கிலும் நோய் ஒன்றுதான். பயத்துக்குச் செலவில்லை, விளக்கத்துக்குத்தான் செலவு. இருட்டுக்கு யாரும் வாடகை கேட்பதில்லை. பழைய காலம் என்று சொன்ன உடனே உடை, விக், செட், இன்னும் இரண்டு நடிகர்கள். இல்லாத காசை அங்கே கொட்டுகிறார்கள், போதாமல் பல்லிளிப்பதும் அங்கேதான். இதில் இயக்குநரை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. சேலம், நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரியைச் சேர்த்து வியாபாரத்தில் ‘சேலம் ஏரியா’ என்பார்கள். அந்த ஏரியாவை வாங்குகிறவருக்குக் குடும்பத்தோடு வரும் கூட்டம் வேண்டும். குடும்பம் என்றால் சென்டிமென்ட், சென்டிமென்ட் என்றால் ஃப்ளாஷ்பேக். ‘அரண்மனை’ வகைப் படங்கள் காமெடியையும் சேர்த்து இதே கணக்கைப் பெரிய அளவில் போட்டு வசூல் செய்தன.

நாமக்கல்லிலிருந்து பார்த்தால் தெரியும் கொல்லிமலையில் ஒரு பாவை உண்டு. சங்கப் பாடல்களில் பேர் அடிபடும் கொல்லிப்பாவை. மலையைக் காக்க நிற்பவள், சிரித்து மயக்கி வந்தவனைக் கொன்றுவிடுவாள் என்பது கதை. எட்டுக்கை அம்மனாக இன்றும் அவளை மலைமேல் கும்பிடுகிறார்கள். அவளுக்கு முன்ஜென்மப் பகை கிடையாது, பழிவாங்க நாலு வில்லன்கள் கிடையாது. சிரிப்புச் சத்தமும் எழுபது கொண்டை ஊசி வளைவும் போதும், சின்ன பட்ஜெட்டுக்கு அளவெடுத்துத் தைத்த பேய். யாராவது ஒரு உதவி இயக்குநர் இதைக் கதையாக்கித் தயாரிப்பாளர் முன்னால் உட்கார்ந்தால், முழுக்கக் கேட்டுவிட்டு அவர் கேட்கப்போகும் முதல் கேள்வி: “எல்லாம் சரி தம்பி, அந்தப் பொண்ணுக்கு என்ன ஆச்சு?”