காதால் பார்த்த சினிமா

‘பராசக்தி’ 1952 தீபாவளிக்கு வந்தது. அதைத் திரையில் ஒரு முறைகூடப் பார்க்காதவர்கள் நீதிமன்ற வசனத்தை மூச்சுவிடாமல் ஒப்பிப்பதைச் சிறுவயதில் கேட்டிருக்கிறேன். அன்று வசனம் புத்தகமாக விற்றது. இசைத்தட்டாகக் கல்யாண வீட்டு ஒலிபெருக்கியில் ஓடியது. வானொலி ‘ஒலிச்சித்திரம்’ என்று பெயரிட்டு முழுப் படத்தையும் காதுக்கே கொடுத்தது. சினிமாவைக் கேட்டு வளர்ந்த சமூகம் நம்முடையது. தமிழ்த் திரைப்படங்களின் பண்பாட்டுப் பொருளை ஆராய்ந்த நூல்களை வரிசையாகப் படித்தபோது, அந்தப் பழக்கம் ஆய்விலும் தங்கிவிட்டது என்றே எனக்குப் பட்டது.

இந்தத் துறைக்கு அடித்தளம் போட்டவர் சு. தியடோர் பாஸ்கரன். அஞ்சல் துறை அதிகாரியாக இருந்துகொண்டே ஆவணக் காப்பகக் கோப்புகளைத் துழாவியவர். 1981இல் வெளியான அவருடைய முதல் ஆங்கில நூல், 1880 முதல் 1945 வரை நாடக மேடையும் பாட்டும் சினிமாவும் விடுதலைப் போராட்டத்தைச் சுமந்து சென்ற கதையைச் சொன்னது. சினிமாவை வரலாற்றுச் சான்றாக எடுத்துக்கொள்ளப் பல்கலைக்கழகங்கள் கூச்சப்பட்ட காலம் அது.

அதே 1981இல் யாழ்ப்பாணத்துக் கார்த்திகேசு சிவத்தம்பியின் சிறு நூல் வந்தது. அதில் உள்ள ஓர் அவதானிப்புக்கு இணையாக இந்தத் துறையில் வேறொன்றை என்னால் காட்ட முடியவில்லை. தமிழர் எல்லோரும் ஒரே கூரையின் கீழ் அமர்ந்து பார்த்த முதல் நிகழ்கலை அரங்கம் சினிமாக் கொட்டகைதான் என்றார் அவர். அங்கே இருக்கையைத் தீர்மானித்தது சாதி அல்ல, டிக்கெட் விலை. கோயில் வாசலிலும் சபா வாசலிலும் நிறுத்தப்பட்டவர் காசு கொடுத்துத் தரை டிக்கெட் வாங்கி உள்ளே போய் உட்கார்ந்தார். திரையில் என்ன ஓடியது என்பதற்கு முன்பே, அந்த உட்காருதலுக்கு ஒரு பொருள் இருந்தது. மேட்டுக்குடியினர் சினிமாவை ஏன் அருவருப்போடு பார்த்தார்கள் என்று எம்.எஸ்.எஸ். பாண்டியன் 1996இல் எழுதிய கட்டுரையை இதனுடன் சேர்த்துப் படித்தால் படம் முழுமையாகும்.

பாண்டியனின் பேர்பெற்ற நூல் எம்.ஜி.ஆரைப் பற்றியது. 1992இல் வந்தது. எம்.ஜி.ஆர். ஆட்சியால் பெரிய பயன் எதையும் காணாத ஏழைகளே அவரைக் கொண்டாடியது எப்படி என்பது அவர் கேள்வி. ‘படகோட்டி’, ‘விவசாயி’, ‘ரிக்‌ஷாக்காரன்’ என்று உழைப்பவனின் உடையில் நின்ற உருவத்தில் அவர் விடை தேடினார். நாட்டுப்புறக் கதைப்பாடல்களில் மேல்சாதியை எதிர்த்த வீரன் கொல்லப்படுவான், எம்.ஜி.ஆர். படங்களில் அந்த வீரன் பெரும்பாலும் வெல்கிறான். இந்த ஒப்பீடு இன்றும் கூர்மை மங்காதது. ஆனால் அந்த நூலில் ரசிகர் வலையில் விழுந்தவராக மட்டுமே நிற்கிறார் என்ற குறை எனக்கு உண்டு. 1993இல் வந்த சாரா டிக்கியின் நூல் அதற்கு நல்ல மறுமொழி. மதுரையின் உழைக்கும் மக்களோடு பழகி, அவர்கள் படத்தில் எதை எடுத்துக்கொள்கிறார்கள், எதை விடுகிறார்கள், ரசிகர் மன்றம் அவர்களுக்கு எத்தகைய மரியாதையைத் தருகிறது என்று கேட்டு எழுதினார். பார்ப்பவர் வாயைத் திறந்து பேசும் நூல் அது.

தொண்ணூறுகள் முதல் தேசமும் சாதியும் பேச்சுக்கு வந்தன. ‘ரோஜா’வை முன்வைத்துத் தேஜஸ்வினி நிரஞ்சனா தொடங்கிய விவாதம் ஒன்று. ‘தேவர் மகன்’ தொடங்கி மதுரைப் படங்கள் வரை சாதிப் பெருமை எப்படி மண்ணின் மணமாக மாற்றப்பட்டது என்பதை ஸ்டாலின் ராஜாங்கம் தமிழிலேயே எழுதிவருவது இன்னொன்று. ‘நிழல்’, ‘காட்சிப்பிழை’ போன்ற சிற்றிதழ்கள் குறைந்த வசதியில் இந்த விவாதங்களுக்கு இடம் கொடுத்தன. அவற்றுக்கு நாம் பட்ட கடன் பெரிது.

இத்தனைக்குப் பிறகும் வசனம், நட்சத்திரம், கதைச் சுருக்கம் ஆகிய மூன்றும்தான் திரும்பத் திரும்ப அலசப்படுகின்றன. சட்டகம், ஒளி, வெட்டு பற்றிய எழுத்து மிகக் குறைவு. ‘பராசக்தி’யையே எடுத்துக்கொள்ளுங்கள். நீதிமன்ற உரையைப் பற்றிப் பக்கம் பக்கமாக இருக்கிறது. ஆனால் கோயில் காட்சியில் நாயகன் குணசேகரன் சிலைக்குப் பின்னால் மறைந்து நிற்கிறான். கல் இருக்கும் இடத்திலிருந்து மனிதக் குரல் வருகிறது. படத்தின் பகுத்தறிவு வாதம் முழுவதும் அந்த நிற்கும் இடத்திலேயே இருக்கிறது. புத்தகத்தில் வசனத்தை மட்டும் படிப்பவருக்கு அது கிடைக்காது.

‘பரியேறும் பெருமாள்’ (2018) இந்த வகையில் நமக்குப் புதிய பாடம். அதன் இறுதிச் சட்டகத்தில் இரண்டு தேநீர்க் கிளாஸ்கள், நடுவே ஒரு பூ. இரட்டைக் குவளைக் கொடுமையை அறிந்த ஊரில் இரண்டு கிளாஸ்கள் அருகருகே நிற்பதற்கு விளக்கம் தேவையில்லை. அவை ஒன்றாகிவிடவில்லை, விலகியும் போகவில்லை. இடையே இருப்பது பூவா, இன்னும் கடக்கப்படாத தூரமா என்று கேட்டபடி படம் முடிகிறது. சமரசம் என்று குறை சொன்னவர்களும் நம்பிக்கை என்று புகழ்ந்தவர்களும் அந்தச் சட்டகத்தின் முன் இன்னும் கொஞ்ச நேரம் நின்றிருக்க வேண்டும்.

காட்சியைப் படிக்காமல் போனதற்கு நம் சோம்பல் மட்டும் காரணமல்ல. பார்ப்பதற்குப் படமே இல்லை. தமிழகத்தின் முதல் மௌனப் படமான நடராஜ முதலியாரின் ‘கீசகவதம்’ இன்று இல்லை. 1931இல் வந்த ‘காளிதாஸ்’ இல்லை. தென்னிந்திய மௌனப் படங்களில் தப்பிப் பிழைத்த ‘மார்த்தாண்ட வர்மா’வும் பதிப்புரிமை வழக்கில் சிக்கிப் பறிமுதலானதால்தான் மிஞ்சியது. முப்பதுகளின் படங்கள் பலவற்றைப் பற்றி நமக்குத் தெரிந்ததெல்லாம் கொட்டகையில் விற்ற பாட்டுப் புத்தகத்தின் கதைச் சுருக்கம் வழியாகத்தான். பிலிம் நியூஸ் ஆனந்தன் வாழ்நாள் முழுவதும் சேர்த்து வைத்த படங்களும் தகவல்களும் இல்லாவிட்டால் அதுவும் குறைந்திருக்கும். சொல் மிஞ்சிய இடத்தில் ஆய்வும் சொல்லைப் பற்றிக்கொண்டது.

ஆகவே, படிப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். வீட்டுப் பரணில் பழைய பாட்டுப் புத்தகமோ, கொட்டகை நோட்டீஸோ இருந்தால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். தரை டிக்கெட்டில் உட்கார்ந்து படம் பார்த்த பாட்டியோ தாத்தாவோ வீட்டில் இருந்தால், எங்கே உட்கார்ந்தார்கள், பக்கத்தில் யார் இருந்தார்கள், திரையில் எந்தக் காட்சி இன்னும் கண்ணில் நிற்கிறது என்று கேட்டு இந்த ஆண்டுக்குள் எழுதி வையுங்கள்.