நடுவில் விட்டாலும் கெடாத வேலை

ஸ்வெட்டர் பின்னுகிறவளைப் பார்த்ததும் ஊர் ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறது: இவளுக்குப் பொழுது போகவில்லை. ஓசூரில் இந்த எண்ணம் எப்படி நிலைத்தது என்பது எனக்கு வியப்புதான். ஏ ஷிஃப்ட், பி ஷிஃப்ட், ஜெனரல் என்று கம்பெனி பஸ் நேரத்தைப் பார்த்துத்தான் கல்யாணத்துக்கே மொய் எழுதப் போகிற ஊர் இது. இங்கே வேலைக்கும் போய்க்கொண்டு, சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தில் பகுதி நேர ஆராய்ச்சிக்கும் பதிந்துகொண்டு, வீட்டில் அடுப்பையும் பார்க்கிறவர்கள் சிலரை அறிவேன். நானும் அந்தக் கூட்டம்தான், வணிகவியல். எங்களில் பின்னுகிறவர்கள் யாருக்கும் பொழுது மிச்சமில்லை. மிச்சமிருக்கிறவர்கள் சீரியல் பார்க்கிறார்கள்.

பின்னல் நேரமில்லாதவர்களின் கலை. ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஷெட்லாண்ட் தீவுகளில் பெண்கள், அடுப்பெரிக்கும் பீட் கட்டிகளை முதுகுக் கூடையில் சுமந்துகொண்டு, நடந்தபடியே பின்னினார்கள். இடுப்பில் துளையிட்ட தோல் பட்டை ஒன்று இருக்கும். ஒரு ஊசியின் முனையை அந்தத் துளையில் செருகிவிட்டால் கை லேசாகிவிடும். பழைய புகைப்படங்களில் அவர்கள் கண் பாதையில் இருக்கிறது, கை நூலில் இருக்கிறது. பொழுதுபோக்கு என்று அதைச் சொல்ல யாருக்கும் வாய் வராது.

வேலைகளை நான் இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறேன்: நடுவில் விட்டால் கெடுவது, விட்டாலும் கெடாதது. படிக்கிற பெண்ணுக்கு, அதிலும் வீடும் வேலையும் உள்ள பெண்ணுக்கு, இதைவிடப் பயனுள்ள பிரிவினை வேறில்லை. ‘நேரத்தைச் சமமாகப் பங்கிடுங்கள்’ என்று ஆலோசனை சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். பங்கு போடும் அளவுக்கு நேரம் மொத்தமாகக் கையில் கிடைத்தால்தானே? அது துண்டு துண்டாகத்தான் வருகிறது. எந்தத் துண்டில் எந்த வேலை அடங்கும் என்பதுதான் கேள்வி.

பின்னலைப் பார்ப்போம். போட்டிருக்கும் பனியனைக் கண்ணருகே பிடித்துப் பாருங்கள். முன்பக்கம் வரிசையாக ‘வி’ வடிவங்கள், உள்பக்கம் சிறு சிறு வளைவுகள். திருப்பூரில் இதற்கு சிங்கிள் ஜெர்சி என்று பெயர். கையால் இரண்டு ஊசியில் பின்னுகிற சாதாரண ஸ்வெட்டர் துணியும் அமைப்பில் இதுவேதான்; ஒரு கண்ணிக்குள் இன்னொரு கண்ணி, மேலே மேலே. இயந்திரத்தில் ஒவ்வொரு கண்ணிக்கும் ஓர் ஊசி. கையில் ஒரு வரிசைக்கே ஓர் ஊசி. ஆகவே எந்த நேரத்திலும் ஒரு வரிசை முழுவதும் திறந்தபடி ஊசியில் நிற்கிறது. ஊசியை உருவினால் அத்தனையும் போச்சு. உருவாதவரை ஒரு மாதம் கழித்து வந்து எடுத்தாலும் அதே இடத்தில் இருக்கும்.

கெடாது என்றேன், தடயம் விடாது என்று சொல்லவில்லை. வரிசையின் நடுவில் எழுந்து போய்விட்டு மறுநாள் தொடர்ந்தால், அந்த இடத்துக் கண்ணி ஊசிகளுக்கிடையே இழுபட்டு லேசாகத் தளர்ந்திருக்கும். பழகிய கண்ணுக்கு அது தெரியும். நல்ல கைவேலையா என்று பார்க்க நான் ஸ்வெட்டரைத் திருப்பித்தான் பார்ப்பேன். பின்பக்கத்தில் இரண்டு இரண்டு வரிசையாகக் கோடு பிரிந்து தெரிந்தால், நேர்வரிசையைவிட மறுவரிசையைத் தளர்வாகப் பின்னுகிற கை என்று பொருள். அது குற்றமில்லை, கையெழுத்து. ஓரத்துக் கண்ணிகள் ஒரே அளவில் இறங்குகின்றனவா, கழுத்துப் பட்டி தலை நுழைந்த பிறகு சுருங்கித் தன் இடத்துக்கு வருகிறதா என்று பார்ப்பேன். நான் தயங்காமல் மதிப்பெண் போடுவது கழுத்துப் பட்டிக்குத்தான். பூ, மயில், மான் எல்லாம் யாரும் போட்டுவிடலாம்.

பின்னல் வகைகளிலும் பொறுமையில் ஏற்றத்தாழ்வு உண்டு. இரு பக்கமும் ஒரே மாதிரி வரும் கார்ட்டர் பின்னல் எதையும் தாங்கும். குழந்தை கூப்பிடலாம், குக்கர் விசில் அடிக்கலாம். பட்டிக்குப் போடும் ரிப் கொஞ்சம் கவனம் கேட்கும். முறுக்குக் கயிறு போல எழும்பும் கேபிள், எந்த வரிசையில் முறுக்கினோம் என்று குறித்து வைக்கச் சொல்லும். நூலைச் சுற்றித் துளை விடும் லேஸ் இருக்கிறதே, அது தன் வரிசை முடியும்வரை யாரையும் வீட்டுக்குள் விடாது. புள்ளியியல் அத்தியாயம் எழுதும் மாதத்தில் லேஸ் எடுக்கிறவளைத் தடுத்து நிறுத்துவேன்.

குரோஷா பின்னலைவிடச் சாது. ஒரே கொக்கி ஊசி, திறந்திருப்பது ஒரே ஒரு கண்ணி. அதைக் கொஞ்சம் நீளமாக இழுத்துவிட்டு வைத்தால் போதும். பனியன் துணியை நொடியில் பின்னித் தள்ளும் இயந்திரங்கள் திருப்பூர் முழுக்க ஓடுகின்றன. குரோஷாவை அப்படியே போடும் ஆலை இயந்திரம் மட்டும் இல்லை. கடையில் தொங்கும் குரோஷாப் பை எதுவானாலும் யாரோ ஒருவர் கையால் போட்டதுதான். விலையைப் பார்த்தால் அந்தக் கைக்கு என்ன கிடைத்திருக்கும் என்று நினைக்கவே தயக்கமாக இருக்கிறது. நம் ஒயர் கூடையோ இரண்டையும் மிஞ்சிய சாது. சிவன் கண், நெல்லிக்காய், பிஸ்கட் எந்த முடிச்சானாலும் போட்ட இடத்தில் தானே பூட்டிக்கொள்ளும். ஆனால் பிரித்து மீண்டும் போட்டால் ஒயரில் மடிப்பு விழுந்த இடம் மறையாது. கம்பளி நூல் மன்னிக்கும். நீராவி காட்டினால் பழையதை மறந்துவிடும்.

ஊசியைப் பற்றிச் சொல்லாமல் நகர முடியாது. சாம்பல் நிற அலுமினிய ஊசி, தலையில் எண், ‘போனி’ என்ற பெயர். உலகத்தில் பல நாட்டுப் பின்னல்காரர்கள் அறிந்த இந்த ஊசி நம் நீலகிரியில் கேத்திப் பகுதியில் தயாராவது. நீடில் இண்டஸ்ட்ரீஸ் என்ற அந்தக் கம்பெனி 1949-இல் ஓர் ஆங்கிலக் கம்பெனியின் துணை நிறுவனமாகத் தொடங்கியது. எங்கள் எம்.காம். கம்பெனிச் சட்டத் தாளில் அதன் பெயர் வேறு காரணத்துக்காக வரும். 1973-இன் அந்நியச் செலாவணிச் சட்டம் வெளிநாட்டுப் பங்கை 40 சதவீதத்துக்குக் குறைக்கச் சொன்னது. இந்திய இயக்குநர்கள் புதிதாக உரிமைப் பங்குகள் வெளியிட்டார்கள். வாங்கிக்கொள்ளச் சொல்லும் கடிதம் இங்கிலாந்துக்குக் காலம் கடந்துதான் போய்ச் சேர்ந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1981-இல் தீர்ப்பு வந்தது: இது சட்டம் சொல்லும் ஒடுக்குமுறை ஆகாது, ஆனாலும் வெளிநாட்டுப் பங்குதாரருக்கு நேர்ந்த இழப்பை இந்தியத் தரப்பு ஈடுகட்ட வேண்டும். சிறுபான்மைப் பங்குதாரர் ஒடுக்குமுறை என்று பேச்செடுத்தால் இன்றும் இந்தத் தீர்ப்பில்தான் போய் நிற்க வேண்டும். தேர்வுக்கு இதைப் படித்தவர்களில் எத்தனை பேர் அந்தக் கம்பெனியின் ஊசியைக் கையில் பிடித்திருப்பார்கள்? என் மேசையில் தீர்ப்பின் நகலும் எட்டாம் நம்பர் ஊசியும் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கும். எனக்கு அதில் ஒரு அற்பப் பெருமை உண்டு.

எட்டாம் நம்பர் என்றால் 4 மில்லிமீட்டர். பத்தாம் நம்பர் 3.25. எண் ஏற ஏற ஊசி மெலியும், பழைய ஆங்கிலக் கணக்கு. பட்டிக்குப் பத்து, உடம்புக்கு எட்டு என்பது நம் ஊர்ப் பெண்கள் வாய்ப்பாடாகச் சொல்வது.

சேலத்துக்கு ரயிலில் போகிறவளாக இருந்தால் வட்ட ஊசி வாங்கிக்கொள்வது நல்லது. இரண்டு முனைகளையும் ஒரு மெல்லிய கம்பி இணைத்திருப்பதால் சீட்டுக்கடியில் உருண்டு ஓடாது, பக்கத்துப் பயணியின் விலாவிலும் குத்தாது. ஓசூரிலிருந்து ராயக்கோட்டை, மாரண்டஹள்ளி, பாலக்கோடு, தருமபுரி, ஓமலூர் வழியாகப் போகும் பாதை அது. கிராசிங்குக்கு வண்டி நிற்கும்போது மற்றவர்கள் கைபேசியில் மணி பார்ப்பார்கள். பின்னுகிறவளுக்கு அது கூடுதல் வரிசை. கட்டுரையை அச்செடுத்து மடியில் வைத்துப் படித்துக்கொண்டே கார்ட்டர் பின்னல் போடலாம். எழுதிக்கொண்டே போட முடியாது. வாசிப்பு கண்ணை மட்டும் கேட்கிறது, எழுத்து கையையும் சேர்த்துக் கேட்கிறது. ஆகவே முந்தைய ஆய்வுகளைப் படித்துத் தொகுக்கும், இலக்கியத் திறனாய்வு என்று நாங்கள் சொல்கிற அந்த முதல் அத்தியாயக் காலத்தில்தான் வீட்டில் மஃப்ளர்கள் பெருகும். பகுப்பாய்வுக் காலத்தில் ஒரு காலுறைகூட முடியாது.

ஓசூரில் ஸ்வெட்டர் எதற்கு என்று தெற்கே இருந்து வரும் உறவினர்கள் கேட்பார்கள். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரம். மார்கழி விடியலில் பால் வாங்கப் போய்ப் பார்த்தால் விடை தெரியும். என்றாலும் ஒன்பது மணி வெயிலில் முழுக் கம்பளி வேர்க்கும். லூதியானாவிலிருந்து வரும் முழுக்கை ஸ்வெட்டர்கள் இந்த ஊருக்கு அதிகப்படி. என் கட்சி, கையில்லாத ஸ்வெட்டர், பருத்தி கலந்த நூல். சுத்தப் பருத்தி நூலுக்கு நெகிழ்வு கிடையாது, விரல் வலிக்கும். அக்ரிலிக் மலிவு, துவைக்கச் சுலபம், ஆனால் இஸ்திரிப் பெட்டி பட்டால் உயிர் போய்த் துவண்டுவிடும், பிறகு மீளாது.

சமையலுக்கும் என் பிரிவினை பொருந்தும். குளிர்காலத்தில் பச்சை அவரைக் கொட்டை வந்ததும் ஓசூர் வீடுகளில் பிதுக்குப் பருப்பு தொடங்கிவிடும். கொட்டையைத் தண்ணீரில் ஊற வைத்து, ஒவ்வொன்றாக இரு விரலால் அழுத்தினால் தோலை விட்டுப் பருப்பு வழுக்கி வெளியே குதிக்கும். பத்துக் கொட்டை பிதுக்கிவிட்டு எழலாம், திரும்பி வந்து உட்காரலாம். ஒரு ஆன்லைன் வகுப்பு முழுவதையும் கேட்டுக்கொண்டே ஒரு வேளைக் குழம்புக்குத் தேற்றிவிடலாம். தேங்காய், கசகசா அரைத்து விட்டுக் கொதித்தால், மாவும் வெண்ணெயுமாக வாயில் கரையும். பிதுக்கியே விற்பதும் உண்டு. அவசரத்துக்கு வாங்கலாம், பெருமைக்கு வாங்க முடியாது.

களி நேர் எதிர். தமிழ்நாட்டில் கேழ்வரகு அதிகம் விளையும் மாவட்டம் எங்கள் கிருஷ்ணகிரி. இங்குள்ள பையூர் ஆராய்ச்சி நிலையம் தன் பெயரிலேயே கேழ்வரகு ரகங்கள் வெளியிட்டிருக்கிறது. இருந்தும் களி கிண்டத் தெரியாத வீடுகள் கூடிக்கொண்டு வருகின்றன. காரணம் சோம்பல் இல்லை. கொதிக்கும் தண்ணீரில் மாவைக் குவியலாகக் கொட்டி, கிளறாமல் மூடி வேகவிட்டு, பிறகு துடுப்பை இறக்கிக் கட்டி உடைத்துக் கிண்ட ஆரம்பித்துவிட்டால் யார் கூப்பிட்டாலும் போக முடியாது. கைடு போன் செய்தாலும் முடியாது. கையை ஈரமாக்கி உருட்டி வைக்கும்வரை அது ஒரே மூச்சு வேலை. பாத்திரத்தின் விளிம்பை விட்டுக் களி பிரிந்து வருவதும், உருண்டை தட்டில் பரவாமல் பளபளவென்று நிற்பதும், குழம்பில் தோய்த்து மெல்லாமல் விழுங்கும்போது தொண்டையில் தடை இல்லாமல் இறங்குவதும்தான் அதன் அழகு. தமிழர் களி என்பார்கள், கன்னடர் முத்தே, தெலுங்கர் சங்கட்டி. எங்கள் தெருவில் மூன்று பெயரும் ஒரே உருண்டைக்குத்தான். படிப்பு மும்முரமாக இருக்கும் வாரத்தில் நான் களியை ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் வைத்துக்கொள்வேன். கலைந்து கிடக்கும் தலைக்கு, வேறெதையும் செய்ய விடாத அந்தக் கால் மணி நேரம் நல்லது.

இட்லி மாவு தானே வேலை செய்துகொள்ளும் சமையல். ஓசூர்க் குளிரில் அது பொங்கச் சோம்பல்படும். பாத்திரத்தைத் துணி சுற்றி அடுப்பு மேடையில் வைப்பது வழக்கம். அளவு பிசகிப் பிறந்த ஸ்வெட்டர் ஒன்று எல்லா வீட்டிலும் இருக்குமே, அதற்கு இதைவிடக் கௌரவமான உத்தியோகம் கிடைக்காது.

ஆராய்ச்சிப் படிப்பை எந்தப் பக்கம் வைப்பது? பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022 விதிமுறைகள் பிஎச்.டி.க்குக் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 6 ஆண்டு என்கின்றன. பெண்களுக்கு மேலும் 2 ஆண்டு தளர்வு உண்டு. பேறுகாலம், குழந்தை வளர்ப்புக்கு 240 நாள் வரை விடுப்பு உண்டு. அதாவது சட்டமே நடுவில் எழுந்து போக இடம் கொடுக்கிறது. ஸ்வெட்டரைப் போலவே இதிலும் எழுந்து போன இடம் தெரியும்: ஓர் அத்தியாயத்தின் நடுவில் நடை மாறும், சொல்லிய மேற்கோள் மறுபடி வரும், அட்டவணை எண் தாவும். வரிசை முடித்து எழுவது என்ற பின்னல்காரியின் பழக்கம் இங்கே கைகொடுக்கும். பத்தியை முடித்து, அடுத்த பத்தி எதைப் பற்றி என்று ஒரு வரி எழுதிவிட்டு மடிக்கணினியை மூடுவேன்.

புதிதாகப் பின்னத் தொடங்கும் ஆராய்ச்சி மாணவி யாராவது கேட்டால், எலிசபெத் சிம்மர்மனின் சதவீதக் கணக்கைக் காட்டுவேன். இங்கிலாந்தில் பிறந்து அமெரிக்காவின் விஸ்கான்சினில் வாழ்ந்த அவர் 1999-இல் மறைந்தார். அவர் முறையில் நீளமான குறிப்புத்தாள் தேவையில்லை. அங்குலத்துக்கு எத்தனை கண்ணி என்று ஒரு துண்டு பின்னிப் பார். அதை ஸ்வெட்டருக்கு வேண்டிய மார்புச் சுற்றளவால் பெருக்கு. அங்குலத்துக்கு 5, சுற்றளவு 36 என்றால் 180. அது நூறு சதவீதம். மணிக்கட்டு அதில் ஐந்தில் ஒன்று, 36. மேல்கை மூன்றில் ஒன்று, 60. கழுத்து 40 சதவீதம், 72. வட்ட ஊசியில் குழாயாகவே பின்னிக்கொண்டு போவதால் பக்கவாட்டுத் தையலும் கிடையாது. பாதி ஸ்வெட்டர்கள் பரணில் கிடப்பது பின்னி முடித்த துண்டுகளைச் சேர்த்துத் தைக்கச் சலித்துத்தான். ஆதார நூற்பட்டியலை ஒழுங்கு செய்யும் சலிப்பை அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டாம்.

நூல் வாங்கும்போது மட்டும் துண்டு துண்டாகச் செய்யக் கூடாது. உருண்டையைச் சுற்றிய காகிதத்தில் நிற எண்ணுக்குப் பக்கத்தில் லாட் எண் என்று ஒன்று இருக்கும். ஒரே தொட்டியில் ஒன்றாகச் சாயம் ஏறியவை அவை. அடுத்த லாட்டில் அதே மெரூன் கடைக்குள் ஒன்றுபோலத் தெரியும், வெயிலில் இரண்டு மெரூனாகிவிடும். ஆராய்ச்சி ஆறு வருடம் காத்திருக்கும். கடைக்காரர் அலமாரி காத்திருக்காது. ஸ்வெட்டருக்கு வேண்டிய முழு நூலையும் முதலிலேயே வாங்கி, காகிதத்தைக் கிழித்தெறியாமல் பையில் போட்டு வைத்துக்கொள்ள வேண்டும். கூடவே ஓர் உருண்டை உபரியாக.