நாலே நாலு பல்லு

நாலே நாலு பல்லுதான். பின்சக்கரத்தில் இருந்த 18 பல் ஃப்ரீவீலைக் கழற்றிவிட்டு 22 பல் ஃப்ரீவீல் மாட்டியிருக்கிறேன். அன்றிலிருந்து கண்ணில் பட்டவர்களிடமெல்லாம் இதையேதான் பேசுகிறேன். வீட்டில் சலித்துக்கொள்கிறார்கள். சலித்துக்கொள்ளட்டும்! பென்னாகரத்தில் குடியிருந்துகொண்டு கியர் இல்லாத இ-சைக்கிள் ஓட்டுகிறவன் வேறு எதைப் பேசுவான்?

இங்கிருந்து ஒகேனக்கல் 16 கிலோமீட்டர் வாக்கில் இருக்கும். மடம் என்ற ஊரைத் தாண்டிப் போனால் காடு, வளைவு, இறக்கம். பெடலில் கால் வைத்திருப்பதே ஒரு மரியாதைக்குத்தான். மீன் வறுவலை ஒரு பிடி பிடித்துவிட்டுத் திரும்பினால்தான் தெரியும் சேதி. அந்த அருமையான இறக்கமெல்லாம் ஏற்றமாக நிற்கும். காவிரித் தண்ணீரையே கூட்டுக்குடிநீர்த் திட்டத்தில் பம்ப் வைத்துத்தான் மேலே ஏற்றுகிறார்கள். என் 250 வாட் மோட்டார் எம்மாத்திரம்? அதைப் பெரிதாக்கவும் வழியில்லை. 250 வாட், மணிக்கு 25 கிலோமீட்டர் என்ற வரம்புக்குள் இருப்பதால்தான் பதிவும் வேண்டாம், லைசென்ஸும் வேண்டாம் என்று சட்டம் நம்மை விட்டு வைத்திருக்கிறது. ஆக, கை வைக்க முடிந்த இடம் செயின்தான்.

முன்னால் செயின் வீலில் 44 பல். பின்னால் 18. ஒரு முறை மிதித்தால் பின்சக்கரம் ஏறக்குறைய இரண்டரைச் சுற்று சுற்றும்; 26 இஞ்ச் சக்கரத்தில் அது 5 மீட்டருக்குச் சற்று மேல். சமதளத்துக்கு இது ராஜபோகம். ஏற்றத்தில் வேகம் 10 கிலோமீட்டருக்கு இறங்கிவிட்டால், கால் நிமிடத்துக்கு 33 சுற்றுதான் சுற்றும். அதாவது ஒவ்வொரு மிதியும் ஒரு தவம். 22 போட்டதும் ஒரு மிதிக்கு 4 மீட்டர் சொச்சம். அதே வேகத்தில் கால் 40 சுற்று சுற்றுகிறது. முட்டியில் விழும் பாரம் ஐந்தில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவாகக் குறைகிறது. காகிதத்தில் பார்த்தால் சாதாரணம். வளைவில் சீட்டை விட்டு எழுந்திருக்காமல் ஏறிப் பார்க்க வேண்டும் அதை!

சைக்கிள் கடையில் பழைய ஃப்ரீவீலைக் கழற்றுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். மிதிக்க மிதிக்க இறுகுகிற மரை அது, லேசில் அசையாது. போதாக்குறைக்கு, என் சைக்கிளில் பின்சக்கர ஹப்புக்குள் இருக்கும் மோட்டாரின் ஒயர் செயின் பக்கத்து அச்சு வழியாகவே வெளியே வருகிறது. “ஒயரு குறுக்க வருது பாருங்க சார், நம்ம ரிமூவரு உள்ளயே போகாது,” என்றார் கடைக்கார அண்ணன். பெரிய துளை உள்ள ரிமூவர் ஒன்றை எங்கிருந்தோ தேடி எடுத்துவந்தார். கனெக்டரை அதற்குள் நுழைத்து, பல்லில் பொருத்தி, நீளமான ஸ்பானர் போட்டு இடப்பக்கமாக ஒரு அழுத்து. ‘டக்’ என்று விட்டது பாருங்கள், எனக்கு விசிலடிக்கத் தோன்றியது. புதியதை மாட்டும் முன் மரையில் கிரீஸ் தடவினார். நாலு பல் கூடியதால் செயினில் இரண்டு கண்ணி, அதாவது ஒரு இஞ்ச் கூடுதலாக வேண்டும். புதுச் செயினையே அளந்து வெட்டிப் போட்டார். அச்சு சுழலாமல் பிடிக்கிற வாஷரை மட்டும் அவரே இரண்டு முறை சரிபார்த்தார்.

“மோட்டார் ஹப்புக்குள்ள இருக்கு, செயினை மாத்தி மோட்டாருக்கு என்ன ஆகப்போகுது?” என்று அங்கே நின்ற ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. மோட்டார் கிராங்கில் இருக்கும் வண்டியில்தான் மோட்டாரின் இழுப்பும் செயின் வழியாகப் போகும், என்னுடையதில் போகாது. ஆனால் இதிலொரு சூட்சுமம் இருக்கிறது. ஏற்றத்தில் சக்கரம் மெதுவாகச் சுற்றச் சுற்ற, மோட்டார் இழுக்கும் கரண்டில் பெரும்பங்கு சூடாகத்தான் வீணாகிறது. கால் நன்றாகச் சுற்றினால் நான் கூடுதலாகத் தள்ளுவேன், வண்டி கொஞ்சம் வேகமாகப் போகும், மோட்டாரும் மூச்சு விடும். மேலே வந்ததும் ஹப்பைத் தொட்டுப் பார்ப்பேன். முன்பு கை வைக்க முடியாது, இப்போது வெதுவெதுப்புதான். பேட்டரியிலும் ஒரு கோடு மிச்சம்!

டூர் டி பிரான்ஸ் பந்தயத்திலேயே 1937 வரை, ஓட்டிக்கொண்டே பல் மாற்றும் டெரெய்லர் கியருக்கு அனுமதி இல்லை. மலையடிவாரத்தில் இறங்கி, பின்சக்கரத்தைக் கழற்றித் திருப்பி மாட்டி, மறுபக்கத்துப் பெரிய பல்சக்கரத்தில் ஏறினார்கள் அந்த வீரர்கள். நம் சமாச்சாரமும் அதே பரம்பரைதான் என்று கடையில் பெருமையடித்துக்கொண்டேன்.

நஷ்டம் இல்லாமல் இல்லை. தர்மபுரி ரோட்டின் சமதளத்தில் 25-ஐத் தொட வேண்டுமானால் நிமிடத்துக்கு 100 சுற்று மிதிக்க வேண்டும். நான் மிதிப்பதில்லை, 20-க்கு மேல் மோட்டார் பாடு.

பக்கத்து வீட்டு வாத்தியாரும் இப்போது 22 கேட்கிறார். தினமும் தர்மபுரிப் பக்கம் போய்வருகிறவர் அவர். “உங்களுக்கு 20 போதும் சார்,” என்று சொல்லியிருக்கிறேன்.