வேர் பின்னிய துணி

துணி என்றால் பாவும் ஊடையும் வேண்டும், அவற்றை இணைக்கத் தறி வேண்டும். ஆம்ஸ்டர்டாமில் வாழும் ஜெர்மானியக் கலைஞர் டயானா ஷேரரின் துணிக்கு இவை எதுவும் தேவைப்படவில்லை. ஓட்ஸ், கோதுமைப் பயிர்களின் வேர்களே மண்ணுக்குள் ஒன்றோடொன்று பின்னி அதை உருவாக்குகின்றன.

தொட்டிச் செடி வளர்ப்பவர்களுக்கு இதன் அடிப்படை தெரியும். இடம் போதாவிட்டால் வேர் சுவரை ஒட்டிச் சுற்றிச் சுற்றி ஓடி, தொட்டியின் வடிவத்தையே எடுத்துக்கொள்ளும். ‘நர்ச்சர் ஸ்டடீஸ்’ என்ற புகைப்பட வரிசையில் ஷேரர் பூச்செடிகளைச் சாடிக்குள் வளர்த்து, பிறகு சாடியை நீக்கிவிட்டு, அதன் உருவிலேயே இறுகி நின்ற வேரையும் மண்ணையும் பூவோடு சேர்த்துப் படமெடுத்தார். அதன்பின் அவர் கவனம் பூவை விட்டு வேருக்கு இறங்கியது.

‘இன்டர்வோவன்’ வரிசையில் சாடியின் இடத்துக்கு அச்சு வந்தது. தேன்கூட்டு அறுகோணங்கள், கொடிப்பின்னல்கள் போன்ற வடிவங்களில் அச்சு செய்து மண்ணுக்கடியில் வைத்து, மேலே விதைக்கிறார். வேர்நுனி புவியீர்ப்பை உணர்ந்து கீழிறங்கும்; தடை எதிர்ப்பட்டால் வளைந்து, வழி கிடைத்த பக்கம் ஓடும். அந்த வழியை அச்சு தீர்மானிக்கிறது. பயிர்த் தேர்வும் நுட்பமானது. புல்லினங்களுக்கு ஆணிவேர் நிலைப்பதில்லை. கொத்துக் கொத்தாகச் சல்லிவேர் விடும். மெல்லிய இழைகள் ஏராளமாகக் கிடைப்பது அதனால்தான். நைமேகனிலுள்ள ராட்பௌட் பல்கலைக்கழக அறிவியலாளர்களும் இந்த முயற்சியில் அவருக்குத் துணை நின்றார்கள்.

நெசவாளி ஒவ்வோர் இழையும் விழுவதைக் கண்ணால் பார்ப்பார். இங்கே வேலை முழுவதும் இருட்டில் நடக்கிறது. விளைந்ததைப் புரட்டி மண்ணைக் களைந்தால்தான் என்ன வந்திருக்கிறது என்று தெரியும். தெரிந்த பிறகு திருத்த முடியாது. பெயர்த்தெடுத்ததோடு வளர்ச்சி முடிந்துவிடுகிறது. இத்தனை நிச்சயமின்மையை ஏற்றுக்கொண்டு வேலை செய்யும் துணிச்சல் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

அந்தத் துணியில் முதலில் கண்ணைக் கவர்வது கணித ஒழுங்கு. அதோடு நின்றுவிடக் கூடாது. கோடுகளின் ஓரத்தைப் பார்க்க வேண்டும். அச்சை மீறிக் குறுக்கே பாய்ந்த முடி போன்ற வேர்கள், ஒரு மூலையில் அடர்ந்தும் அடுத்ததில் நலிந்தும் போன இழைகள் அங்கே தெரியும். வேர்நுனி கீழ்நிலை விலங்குகளின் மூளைபோல் இயங்குகிறது என்று டார்வினும் அவர் மகன் பிரான்சிஸும் 1880-இல் எழுதினார்கள். அந்த ஒப்புமை இன்றும் விவாதத்துக்குரியது. ஆனால் இந்த ஓரங்களைப் பார்க்கும்போது, வடிவத்தை முடிவு செய்தவர் ஒருவர் மட்டுமல்ல என்பதில் எனக்குச் சந்தேகம் வருவதில்லை.

லண்டன் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகம் 2018-இல் நடத்திய ‘ஃபேஷன்டு ஃப்ரம் நேச்சர்’ கண்காட்சியில் அவரது வேர் உடையும் இடம்பெற்றது. நாளைக்கு நாம் இதை உடுத்துவோமா என்பது வேறு கேள்வி. பயிரில் மண்ணுக்கு மேலே இருக்கும் பாதியைத்தான் கலை காலங்காலமாகக் கொண்டாடி வந்திருக்கிறது. கீழ்ப்பாதிக்கும் அதே அழகு உண்டென்று ஷேரர் நிறுவியிருக்கிறார். இதற்காகவே அவரை நம் காலத்தின் முதல்வரிசைத் துணிக்கலைஞர்களோடு வைப்பேன்.